ஜானி வில்கின்சன்: அந்த ஒரு உதை மட்டும்தானா?

நீங்கள் கேட்டது இரண்டே வரிதான். 2003 ரக்பி உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் கடைசி நேரத்தில் அடித்த டிராப் கோலைத் தவிர இங்கிலாந்தின் ஜானி வில்கின்சன் என்ன சாதித்தார்? அதன்பின் வருடக்கணக்கில் காயத்தில் கிடந்தவரை ஏன் இன்னும் பெரிய ஆட்டக்காரர் என்கிறார்கள்? இதற்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த உதையில் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு, காயங்கள் அவர் ஆட்டத்தோடு சம்பந்தப்பட்டவையா, அந்த உதையைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த உதை அவருடைய ஆட்டத்தில் தனியாக நிற்கிற ஒன்று அல்ல. அதைக் கழித்தாலும் அவர் கணக்கில் குறைவது மூன்று புள்ளிதான்.

ரக்பி யூனியனில் பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தினால் டிரை, 5 புள்ளி. அதைத் தொடர்ந்து வரும் கன்வர்ஷன் உதைக்கு 2. எதிரணி தவறு செய்யும்போது கிடைக்கும் பெனால்டி உதைக்கு 3. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தரையில் விட்டு, அது துள்ளும் கணத்தில் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் டிராப் கோல், அதற்கும் 3. கம்பங்களுக்கு இடையே 5.6 மீட்டர், குறுக்குக் கம்பியின் உயரம் 3 மீட்டர். வில்கின்சன் ஆடிய இடம் ஃப்ளை ஹாஃப், பத்தாம் எண் சட்டை. ஸ்க்ரம் ஹாஃப் பந்தை எடுத்துக் கொடுத்ததும் ஓடுவதா, பாஸ் செய்வதா, உதைப்பதா என்று முடிவெடுப்பவர் இவர்தான்.

பிறந்தது 1979 மே 25, இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் ஃபிரிம்லியில். ஹாம்ப்ஷயரின் லார்ட் வாண்ட்ஸ்வொர்த் கல்லூரியில் படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்த ஸ்டீவ் பேட்ஸ் நியூகாசில் ஃபால்கன்ஸ் அணியின் பயிற்சியாளராகப் போனார். அந்தத் தொடர்பில் பள்ளி முடித்த கையோடு 1997இல் வில்கின்சனும் நியூகாசில் போய்ச் சேர்ந்தார். அங்கே பத்தாம் எண்ணில் இருந்தவர் இங்கிலாந்தின் பழைய ஃப்ளை ஹாஃப் ராப் ஆண்ட்ரூ. அதனால் பையனை ஆண்ட்ரூவுக்கு அடுத்து நிற்கும் இன்சைடு சென்டர் இடத்தில் இறக்கினார்கள். பெரும்பாலான வாழ்க்கைக் குறிப்புகள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடும். ஆனால் பிற்பாடு வந்த நல்லதும் கெட்டதும் ஓரளவு இங்கிருந்துதான். சென்டர் என்றால் நேராக மோதி வருகிறவனை நேராக நின்று நிறுத்த வேண்டும், ஒதுங்கி நிற்க முடியாது. ஃப்ளை ஹாஃப்களை வழக்கமாக அணிகள் அந்த வேலையிலிருந்து ஒளித்து வைக்கும். இவர் அந்தப் பழக்கத்தோடேயே பத்தாம் எண்ணுக்கு வந்தார்.

அந்தப் பருவத்தில், 1997–98இல், நியூகாசில் இங்கிலாந்தின் பிரீமியர்ஷிப் பட்டத்தை வென்றது. 1998 ஏப்ரல் 4 அன்று ட்விக்கனமில் அயர்லாந்துக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கியபோது வயது 18. இரண்டு மாதம் கழித்து பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஃப்ளை ஹாஃபாகத் தொடங்கினார். அனுபவசாலிகள் பலர் இல்லாத அணி அது. இங்கிலாந்து 76–0 என்று தோற்றது. 1999 உலகக் கோப்பைக் காலிறுதியில் தென்னாப்பிரிக்காவின் யானி டி பியர் ஐந்து டிராப் கோல் அடித்து இங்கிலாந்தை வீட்டுக்கு அனுப்பினார். அன்று வில்கின்சன் வெளியே பெஞ்சில் இருந்தவர், பால் கிரேசன்தான் முதலில் ஆடினார். டிராப் கோலால் ஓர் உலகக் கோப்பை கைநழுவும் என்பதை அந்த அணி அன்றே நேரில் பார்த்துவிட்டது.

இனி அந்த உதை. 2003 நவம்பர் 22, சிட்னி. முழு நேரம் முடிந்தபோது 14–14. கூடுதல் நேரத்தில் வில்கின்சன் ஒரு பெனால்டி அடித்து முன்னிலை கொடுத்தார். ஆஸ்திரேலியாவின் எல்டன் ஃபிளாட்லி இன்னொன்று அடித்து 17–17 ஆக்கினார். இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் பாக்கி. வில்கின்சன் ஆட்டத்தை மறுபடி தொடங்கிவைத்த உதையை ஆஸ்திரேலியாவின் பகுதிக்குள் ஆழமாக அனுப்பினார். நெருக்கடியில் மேட் ரோஜர்ஸ் பந்தை வெளியே உதைத்தார், இங்கிலாந்துக்கு லைன்அவுட் கிடைத்தது, அதாவது வெளியே போன பந்தை வரிசையாக நிற்கும் ஆட்களுக்கு எறிந்து ஆட்டத்தைத் தொடங்கும் வாய்ப்பு. அதிலிருந்து நடந்தது முன்பே பழகி வைத்திருந்த ஒரு வரிசை. அணிக்குள் அதற்கு ‘ஜிக்ஜாக்’ என்று பெயர்.

படிப்படியாகப் பாருங்கள். ஹூக்கர் ஸ்டீவ் தாம்சன் லைன்அவுட்டின் கடைசி ஆளுக்கு, அதாவது லூயிஸ் மூடிக்கு எறிந்தார். எறிதலிலேயே ஆபத்தானது அது, தூரம் அதிகம். ஆனால் கடைசியில் பிடித்தால் பந்து மைதானத்தின் நடுவுக்குச் சீக்கிரம் போகும், உதைக்கும் கோணம் அகலமாகும். மைக் கேட் நடுவில் மோதி ஒரு ரக் (தரையில் கிடக்கும் பந்தின்மேல் இரு அணியினரும் முட்டி நிற்கும் குவியல்) உண்டாக்கினார். அங்கிருந்து ஸ்க்ரம் ஹாஃப் மேட் டாசன் தானே இடைவெளியில் புகுந்து நல்ல தூரம் முன்னேறினார். அணி இப்போது அடிக்கும் தூரத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் பிடிபட்ட டாசன் ரக்கின் அடியில் கிடக்கிறார். பாஸ் கொடுக்க வேண்டியவர் அவர்தான். அந்த இடத்தில் நீல் பேக் பந்தை எடுத்து நேராக வில்கின்சனுக்கு அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் கேப்டன் மார்ட்டின் ஜான்சனுக்குக் கொடுத்தார். ஜான்சன் இன்னொரு முறை முட்டி, இன்னொரு ரக் உண்டாக்கினார். அதில் கிடைத்த தூரம் ஒன்றுமில்லை. கிடைத்தது டாசன் எழுந்து வந்து நிற்கத் தேவையான சில நொடிகள். என் கணக்கில் அந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த முடிவு ஜான்சனின் அந்த முட்டல்தான், உதை அதற்கு அடுத்தது. டாசனின் பாஸ் வந்தது, வில்கின்சன் வலது காலால் அடித்தார். 20–17. பாக்கி இருந்தது 26 நொடி.

அவர் இடது கால்காரர். வலது கால் அவருக்குப் பலவீனமான கால். அதே ஆட்டத்தில் அதற்கு முன் முயன்ற டிராப் கோல்கள் தவறியிருந்தன. டிராப் கோலில் எது கெடும் என்று தெரிந்தால் இதன் எடை புரியும். பந்தைச் செங்குத்தாகப் பிடித்து, கூர்முனை நேராகத் தரையில் படும்படி விட வேண்டும். முனை சற்றே சாய்ந்து விழுந்தாலும் பந்து பக்கவாட்டில் துள்ளும், கால் அதன் வயிற்றில் படாது. தரையைத் தொடும் முன்பே கால் பட்டால் அது டிராப் கோலே அல்ல, புள்ளி கிடையாது. ஒரு கணம் பிந்தினால் பந்து எழும்பிக் கணுக்காலுக்கு மேலே படும், தூரம் போகாது. உடலைப் பின்னால் சாய்த்தால் வானத்துக்குப் போய் நடுவழியில் விழும். ரக்கிலிருந்து மிக அருகே நின்றால் எதிரணி ஓடிவந்து மறித்துவிடும், மிகப் பின்னால் நின்றால் தூரம் கூடிவிடும். இத்தனையும் ஓடிவருகிறவர்களைக் கண்ணோரத்தில் வைத்துக்கொண்டு, பலவீனமான காலில். அவர் செய்தது பின்வீச்சைக் குறைத்து, பலத்தைப் பாதியாக்கி, தொடுகையை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டது. அந்த உதையை மறுபடி பார்த்தால் பந்து அப்படியொன்றும் வேகமாகப் போகாததைக் கவனிக்கலாம். இரண்டு காலாலும் உதைப்பதைச் சிறு வயதிலிருந்தே பழகியவரால் மட்டுமே அந்த நேரத்தில் எந்தக் கால் என்று யோசிக்காமல் அடிக்க முடியும்.

அதிர்ஷ்டம் இல்லவே இல்லையா என்றால், இருந்தது. லைன்அவுட் எறிதல் ஒரு கை தள்ளிப் போயிருந்தால் எதுவும் நடந்திருக்காது. தவறியிருந்தால் இங்கிலாந்து தோற்றிருக்கும் என்றும் சொல்ல முடியாது. சமநிலையில் முடிந்திருந்தால் அன்றைய விதிப்படி முதல் புள்ளி எடுப்பவர் வெற்றி என்ற இன்னொரு பத்து நிமிடம் இருந்தது. அதில் என்ன ஆகியிருக்கும் என்பது வெறும் ஊகம்.

அந்த உதையை விட்டுவிட்டு அந்தத் தொடரை மட்டும் பாருங்கள். அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக மழையில் இங்கிலாந்து 24–7 என்று வென்றது. 24 புள்ளியும் இவர் காலிலிருந்து வந்தது: ஐந்து பெனால்டி, மூன்று டிராப் கோல். அதே மழையில் எதிர்ப்பக்கம் ஃபிரெடெரிக் மிஷலாக் உதைத்தவை ஒன்றன்பின் ஒன்றாகத் தவறின. தொடர் முழுவதும் இவர் எடுத்தது 113 புள்ளி, அதில் எட்டு டிராப் கோல். அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் ஆறு நாடுகள் ஆடும் சிக்ஸ் நேஷன்ஸ் போட்டியில் இங்கிலாந்து எல்லா ஆட்டமும் வென்று கிராண்ட் ஸ்லாம் எடுத்திருந்தது. உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருது அந்த வருடம் அவருக்கு.

பந்தைத் தரையில் நிறுத்திவைத்து இவர் அடிக்கும் உதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலர் அவரைக் கை கோத்து நிற்கும் அந்த நிலையை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவருடைய உதைப் பயிற்சியாளர் டேவ் ஆல்ரெட். சாதாரணமாக ஒருவர் பந்தைச் சுற்றி வளைத்து உதைப்பார். கால் இலக்கைக் குறுக்கே வெட்டிக்கொண்டு எதிர்த் தோளை நோக்கிப் போகும். அதனால் பந்தும் வளையும், காற்று இருந்தால் இன்னும் வளையும். ஆல்ரெட் சொல்லித்தந்தது, வளைந்து வந்தாலும் பந்தைத் தொட்டபின் காலும் இடுப்பும் மார்பும் சேர்ந்து இலக்கை நோக்கி நேராகப் போக வேண்டும் என்பது. உதைத்து முடித்தபின் உடல் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் தவறு, கம்பங்களைப் பார்த்து முன்னே அடியெடுத்து வைத்திருந்தால் சரி. பந்தில் படவேண்டியது விரல்களோ பாதத்தின் பக்கமோ அல்ல, மேற்பாதத்தின் கெட்டியான எலும்பு. பாதம் தளர்வாக இருந்தால் மோதும்போது வளைந்து பலத்தைத் தின்றுவிடும். ஆகவே கணுக்கால் கடைசிவரை இறுக்கமாக நீட்டியிருக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் கெடுப்பது இந்த இடத்தைத்தான். தூரம் வேண்டும் என்று வேகத்தைக் கூட்டுவார்கள், வேகம் கூடியதும் கணுக்கால் தளரும்.

இலக்கு விஷயத்திலும் ஒரு தந்திரம் உண்டு. 5.6 மீட்டர் இடைவெளியைக் குறிவைத்தால் ஓரத்தில் போனாலும் போதும் என்று மனசு சோம்பல்படும். அதனால் கம்பங்களுக்குப் பின்னால் பார்வையாளர் வரிசையில் டோரிஸ் என்ற கற்பனைப் பெண் உட்கார்ந்திருப்பதாகவும், அவள் கையில் உள்ள குளிர்பானக் கேனைத் தட்டிவிட வேண்டும் என்றும் வைத்துக்கொண்டார். இலக்கு அவ்வளவு சிறியதானால் கொஞ்சம் பிசகினாலும் பந்து கம்பங்களுக்கு உள்ளேயே போகும். கை கோத்து நிற்பது வெளிச்சத்தத்தையும் கூட்டத்தையும் அடைத்துவிட்டு கவனத்தை உள்ளே குவிக்கும் ஏற்பாடு. கோத்த கைக்கு எந்த மந்திரமும் இல்லை. ஒவ்வொரு உதைக்கும் முன்னால் உடலை ஒரே நிலைக்குக் கொண்டுவருவதுதான் பலன். அவரைப் பார்த்துக் கையை மட்டும் கோத்துக்கொண்ட சிறுவர்கள் உலகம் முழுக்க உண்டு. உதை சரியாகவில்லை என்று பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

காயங்கள் பற்றி. 2003 இறுதியாட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்துக்காக அடுத்து ஆடியது 2007 பிப்ரவரி 3, ஸ்காட்லாந்துக்கு எதிராக. இடையில் 1,169 நாள். இவ்வளவு நீண்ட இடைவெளியை ஒரே காயம் உண்டாக்கவில்லை. கழுத்து, தோள் பகுதியில் நரம்பு அழுத்தம், அதற்கு 2004இல் அறுவை சிகிச்சை. அந்த அக்டோபரில் இங்கிலாந்து கேப்டனாக அறிவித்தார்கள், மேற்கையில் ரத்தக்கட்டு ஏற்பட்டு நவம்பர் ஆட்டங்களில் இறங்கவே முடியவில்லை. 2005இல் முழங்கால் தசைநார், ஆறி வந்ததும் அதே இடத்தில் மறுபடி. பிறகு குடல்வால் அறுவை, தொடையிடுக்குக் கோளாறு, இன்னொரு முழங்கால், கடைசியில் 2006இல் சிறுநீரகத்தில் கிழிசல். நடுவே 2005இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆட்டக்காரர்களைச் சேர்த்து அமைக்கும் லயன்ஸ் அணியோடு நியூசிலாந்து போய் இரண்டு டெஸ்ட் (முழுச் சர்வதேச ஆட்டம்) ஆடினார். அங்கும் தோள் பகுதி காயம் திரும்பி வந்தது.

இவருக்கு வெறி பிடித்த பயிற்சிதான் காயத்துக்குக் காரணம் என்று ஒரு கருத்து பரவலாக உண்டு. தொடர்ச்சியாகச் சில சரியான உதைகள் விழும்வரை திடலை விட்டுப் போக மாட்டார் என்பது உண்மை, அவரே பேசியிருக்கிறார். ஆனால் அந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். தொடையிடுக்குத் தசைக் கோளாறுக்கு ஓயாத உதைப் பயிற்சி காரணமாக இருக்கலாம், அது பொருந்துகிறது. கழுத்து நரம்பு, தோள், சிறுநீரகம் எல்லாம் மோதலில் வருபவை. குடல்வாலுக்கு ரக்பியோடு சம்பந்தமே இல்லை. ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: 1.78 மீட்டர் உயரமுள்ள ஒருவர், தன்னைவிட இருபது முப்பது கிலோ கனமானவர்களைத் தோளால் நேராக அடித்து நிறுத்தும் பாணியில் ஆடினார். அந்தப் பாணிக்கு உடல் விலை கொடுத்தது. கொஞ்சம் ஒதுங்கி ஆடியிருந்தால் காயம் குறைந்திருக்குமா? குறைந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் பக்கமாக ஆட்டத்தைத் திருப்பி ஓட்டை தேட எதிரணிகள் தயங்கியதற்குக் காரணமே அந்த டேக்கிள்தான். ஒன்றை எடுத்தால் மற்றதும் போகும்.

திரும்பி வந்த அந்த ஸ்காட்லாந்து ஆட்டத்தில் டிரை, கன்வர்ஷன், பெனால்டி, டிராப் கோல் என்று நான்கு வகையிலும் புள்ளி எடுத்தார், மொத்தம் 27. அதே ஆண்டு உலகக் கோப்பையில் இங்கிலாந்து குழுச் சுற்றில் தென்னாப்பிரிக்காவிடம் 36–0 என்று தோற்றது, கணுக்கால் காயத்தால் அன்று இவர் ஆடவில்லை. அந்த அணிதான் மார்செய் காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 12–10 என்று வென்றது, பன்னிரண்டும் இவருடைய நான்கு பெனால்டி. அரையிறுதியில் பிரான்ஸை 14–9. இறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் 15–6 என்று தோற்றார்கள், அந்த ஆறும் இவருடையது. நேர்மையாகச் சொன்னால் 2003 அணியைவிட மிகவும் குறைந்த அணி அது. என்னைக் கேட்டால் 2003ஐவிட இதுதான் இவரை எடைபோடச் சரியான இடம்.

2011 உலகக் கோப்பை நல்ல நினைவு அல்ல. உதைகள் பல தவறின. ருமேனியா ஆட்டத்தில் கன்வர்ஷனுக்கு முன் பந்தை மாற்றிக் கொடுத்ததற்காக ஆல்ரெட் உட்பட இரண்டு உதவியாளர்கள் அடுத்த ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கு விலக்கி வைக்கப்பட்டார்கள். டிரை போட்டபோது எந்தப் பந்து ஆட்டத்தில் இருந்ததோ அதையே உதைக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆண்டு டிசம்பரில் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார்.

கணக்கு: இங்கிலாந்துக்காக 91 டெஸ்டில் 1,179 புள்ளி, லயன்ஸுக்காக ஆறு டெஸ்டில் 67, மொத்தம் 1,246. 36 டிராப் கோல். உலகக் கோப்பைகளில் மொத்தம் 277 புள்ளி, இதுவரை யாரும் அதைத் தாண்டவில்லை. மொத்தப் புள்ளியில் நியூசிலாந்தின் டான் கார்ட்டர் முந்திவிட்டார், 112 டெஸ்டில் 1,598. இருவரையும் ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. உதைப்பவரின் புள்ளி அவருடையது மட்டும் அல்ல. பெனால்டி வாங்கித் தருவது பெரும்பாலும் முன்கள ஆட்டக்காரர்கள். இங்கிலாந்துக்காக வில்கின்சன் எடுத்ததில் 717 புள்ளி, அதாவது பத்தில் ஆறு பங்கு, பெனால்டியிலிருந்து வந்தது. கார்ட்டருக்கு அது பாதியைச் சற்றுத் தாண்டும். கார்ட்டர் போட்ட டிரை 29, வில்கின்சன் லயன்ஸையும் சேர்த்து 7. அணியை ஓடவைப்பதிலும் தானே இடைவெளியில் நுழைவதிலும் கார்ட்டர் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நெருக்கடி உதையிலும் டேக்கிளிலும் வில்கின்சன். ‘எல்லாக் காலத்திலும் சிறந்த பத்தாம் எண்’ என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் நான் கார்ட்டரைத்தான் சொல்வேன். வேறு மாதிரி சொல்கிறவர்களுக்கும் நியாயம் இருக்கிறது.

கேள்வியில் விட்டுப்போனது பிரான்ஸ் காலம். 2009இல் நியூகாசிலை விட்டு பிரான்ஸின் டூலோன் அணிக்குப் போனார். முப்பதாவது வயது, முடிந்த கதை என்றுதான் பலர் நினைத்தார்கள். 2013இல் ஐரோப்பியக் கழக அணிகளுக்கான ஹைனெகன் கோப்பை இறுதியில் கிளெர்மோனை 16–15 என்று வென்றார்கள், இவர் 11 புள்ளி. 2014இல் சாரசென்ஸை 23–6, இவர் 13. அடுத்த வாரமே, மே 31 அன்று, பிரான்ஸின் டாப் 14 இறுதியில் கஸ்த்ரை 18–10 என்று வென்றது கடைசி ஆட்டம், 15 புள்ளி இவருடையது. ஓய்வுக்குப் பின் தன் பதற்றத்தையும் மனச்சோர்வையும் பற்றி வெளிப்படையாகப் பேசிவருகிறார். உலகக் கோப்பை வென்ற பிறகும் நிறைவு கிடைக்கவில்லை, ‘அடுத்தது தவறிவிடுமோ’ என்ற பயமே தன்னை ஓட்டியது என்பது அவர் பேச்சின் சாரம். அதே பயம்தான் அவ்வளவு துல்லியத்தையும் தந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு வெளியிலிருந்து யாரும் பதில் சொல்ல முடியாது.

நேரம் இருந்தால் மூன்று ஆட்டங்களின் பதிவைத் தேடிப் பாருங்கள்: 2003 பிரான்ஸ் அரையிறுதி, 2007 ஆஸ்திரேலியா காலிறுதி, 2014 சாரசென்ஸ் இறுதி. உதைகளை விட்டுவிடுங்கள், அவை எப்படியும் கண்ணில் படும். பந்து எதிரணியிடம் இருக்கும்போது பத்தாம் எண் எங்கே நிற்கிறது, முதல் மோதலுக்கு யார் முன்னே வருகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.